மிக்சி அண்ணாச்சி மதுரை தாண்டிவிட்டார்

பொய் சொல்வதற்கென்றே சம்பளமில்லாமல் ஓர் ஆளை வைத்திருந்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் எங்கள் மிக்சி அண்ணாச்சி ஒருவர்தான். அந்த ஆள் அவருடைய செல்போனுக்குள் குடியிருந்தான்.

தென்காசியில் என் வீட்டுக்கு நேர் எதிரே அவருடைய மிக்சி ரிப்பேர் கடை. அதன் ஷட்டர் என்றைக்கோ பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. ஊரார் மிக்சியை எல்லாம் பிரித்து மேய்கிறவருக்குத் தன் கடை ஷட்டரைச் சரிசெய்ய மட்டும் நேரம் கிடைக்கவில்லை. குனிந்துதான் உள்ளே போவார். அலமாரி நிறைய மிக்சிகள், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். அங்கே சேர்ந்ததெல்லாம் சீக்கிரம் வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

முன்பெல்லாம் சாக்குச் சொல்ல அவர் மெனக்கெட வேண்டியிருந்தது. கரண்ட் இல்லை, கண் வலி, சித்தப்பா இறந்துவிட்டார் என்பார். ஒரே சித்தப்பா இரண்டு முறை இறந்ததில் ஒருநாள் மாட்டிக்கொண்டார். பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கும் வசதி வந்ததும் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. உதிரிப்பாகம் ஆர்டர் போட்டிருப்பதாகச் சொல்லி, போனை வந்தவர் மூக்குக்கு நேரே நீட்டிவிடுவார்.

“நான் சொல்லல. அது சொல்லுது. நீங்களே பாருங்க.”

சாரல் தொடங்கிய சமயத்தில் எங்கள் மிக்சியும் அந்த வார்டில் சேர்ந்தது. கப்ளர் தேய்ந்துவிட்டது. கப்ளர் என்றால் பெரிய சமாச்சாரமில்லை, ஜாரைச் சுழற்றுகிற ஒரு சின்ன ரப்பர் துண்டு. அது கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும் என்றார்.

“மதுரைக்கு வந்துட்டு சார்,” என்றார் முதலில்.

பிறகு கேட்டபோது, “மதுரையில இருந்து கிளம்பிட்டு.”

அதற்குப் பிறகு, “மறுபடியும் மதுரைக்கே வந்துட்டு. எதையாவது மறந்து வச்சிருக்கும்.”

என் மனைவி துவையலை மறந்து ஊறுகாய்க்கு மாறியிருந்த ஒரு காலையில் கோபத்தோடு போய் நின்றேன். போனைப் பார்த்தபடியே, “கொல்லத்துல நிக்கி,” என்றார்.

“அண்ணாச்சி, கொல்லம் போற வண்டி நம்ம ஊரு வழியாத்தான போகுது? நம்மளையும் தாண்டி, செங்கோட்டையையும் தாண்டிப் போயிருக்கு. இங்கன இறங்கியிருக்கக் கூடாதா?”

“சீசன் டயம்லா சார். திரும்பும்போது குத்தாலத்துல ஒரு குளியலப் போட்டுட்டு வரும். நீங்க ஏன் பதறுதிய?”

அவர் வளர்த்த பொய்யன் அவரையே கடித்தது அடுத்த வாரம். ‘பார்சல் கொண்டுவந்தோம், கதவு பூட்டியிருந்தது’ என்று போனில் வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு பார்சல் ஆபீசுக்குப் போனார்.

“கம்ப்யூட்டர்ல பூட்டுன்னுதான் இருக்கு அண்ணாச்சி,” என்றார் அங்கிருந்தவர், தலையை நிமிர்த்தாமல்.

“அப்ப ஒரு தடவ வந்து பூட்டிக் காட்டுங்க. நானும் பல வருசமா முயற்சி பண்ணுதேன், அந்த ஷட்டர் கீழ வரமாட்டேங்கு.”

ஆபீஸ்காரர் ஒரு புகார் எண் கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. இந்த நாட்டில் பார்சல் வேலையில் வேகமாக நடப்பது அது ஒன்றுதான்.

இத்தனைக்குப் பிறகும் தன் மகளுக்கு அனுப்ப வேண்டிய பெட்டியை அதே ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தாரே, அங்கேதான் அண்ணாச்சி அண்ணாச்சியாக நிற்கிறார். மகள் புனேயில். தலைப்பிரசவம். அசையக்கூடாது என்று டாக்டர் படுக்கவைத்துவிட்டதால் ஊருக்கு வர முடியவில்லை. அவள் அம்மா துணைக்கு அங்கே போயிருந்தார். மகளுக்கு எதைத் தின்றாலும் குமட்டல். ஒருநாள் போனில், “குத்தாலத்து மங்குஸ்தான் கெடைச்சா திம்பேன்பா,” என்றிருக்கிறாள். அன்றே குற்றாலம் போய்ப் பழம் வாங்கி, பெட்டியில் வைக்கோல் போட்டு அனுப்பிவிட்டார்.

பெட்டி மதுரைக்குப் போனது. சென்னைக்குப் போனது. மறுபடி மதுரைக்கு வந்தது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டமாக இருந்தது.

“சீசன் டயம்லா அண்ணாச்சி. குளிச்சிட்டுப் போகும்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “கப்ளர்னா கெடக்கும் சார். இது பழம்லா,” என்றார். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் ‘ஒப்படைக்கப்பட்டது, பெற்றவர் அவரே’ என்று வந்தது. ஆசையாக மகளைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “நான் எங்கப்பா வாங்கினேன்? கட்டில விட்டே இறங்கலையே,” என்று அந்தப் பெண் அழுதது எனக்கும் கேட்டது.

அன்றைக்கு அவர் ‘அது சொல்லுது’ என்று சொல்லவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“பொய் சொல்லுதான் சார். எம் பிள்ள விசயத்துலயே சொல்லுதான்.”

மறுநாள் குற்றாலத்தில் கடை கடையாக ஏறி, பழத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டு அவரே புனேக்கு ரயில் ஏறிவிட்டார். ஷட்டர் இறங்காத கடைக்கு நான் காவல். வழிநெடுக எனக்குப் போன் வந்தது.

“விருதுநகர்ல நிக்கேன் சார். பெட்டி மடியில இருக்கு.”

“மதுரை தாண்டிட்டேன். பெட்டி மடியில இருக்கு.”

“இது என்ன ஊருன்னு தெரியல, இந்தியில எழுதிருக்கான். பெட்டி மடியில இருக்கு.”

என் வாழ்நாளில் நான் கண்ட ஒரே ஒழுங்கான டிராக்கிங் அதுதான். போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டார்.

“பிள்ள தின்னுட்டா சார். குமட்டவே இல்ல. இன்னொண்ணு உடைச்சுத் தாங்கப்பான்னு கேக்கா.”

இதற்கிடையே ஒருநாள் கப்ளர் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துப் போனார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, “கப்ளர் என் கையில இருக்கு,” என்றேன்.

“அப்படியா? இங்க மறுபடியும் கொல்லம்னுல்லா காட்டுது. நல்லாப் பாருங்க சார், வேற யாரு கப்ளராவது இருக்கும்.”

பட்டாலும் சிலருக்குப் புத்தி வராது.

பேத்தி பிறந்துவிட்டாள். அண்ணாச்சி இன்னும் வரவில்லை. கேட்டால், “இந்தா வாரேன் சார்,” என்கிறார். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு கடை திறந்து, காலையில் கொடுத்த மிக்சியை மாலையில் தந்துவிடுகிறார்களாம். அதனால் தெருக்காரர்கள் தங்கள் மிக்சியைத் திருப்பி வாங்கிப்போக என்னிடம் வருகிறார்கள். எல்லாரும் எடுத்துப் போய்விட்டால் அவர் திரும்பி வந்து என்ன செய்வார்?

“கிளம்பிட்டார். மதுரை தாண்டிட்டார்,” என்கிறேன். கூசாமல் வருகிறது. அவர்களும் நம்பிப் போய்விடுகிறார்கள்.

எங்கள் மிக்சியும் அங்கேதான் கிடக்கிறது. கப்ளர் என் மேசை மேல் இருக்கிறது. புதுக் கடைக்காரரிடம் கொடுத்தால் நின்ற நிலையில் மாட்டித் தந்துவிடுவார். கொடுத்துவிடலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். இத்தனை நாளாகத் துவையல் இல்லாமல் தவித்தவள், நான் அளக்கும் பொய்யையெல்லாம் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருப்பவள்.

“மதுரை தாண்டியாச்சுல்லா,” என்றாள். “அண்ணாச்சியே வந்து மாட்டட்டும்.”