தலைவெட்டி மேசனும் ஒரு பெருவிரலும்

மருதமுனையில் இத்தனை தலைகளை வெட்டியும் ஒரு நாள்கூடப் பொலிசுக்குப் போகாத மனிதர் எங்கள் வீதிக் கொத்தனார், தலைவெட்டி மேசன் ஒருவர்தான். கட்டாரிலிருந்து வந்த ஒருவர் கேற்றுத் தூணுக்கு இரண்டு சிங்கம் கேட்டார். மேசன் செய்து வைத்தார். உயிருள்ளதின் உருவம் வாசலில் கூடாது என்று பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்தது. தலை இல்லாவிட்டால் அது உருவமே இல்லை என்று மௌலவி விளக்கம் சொல்ல, மேசன் அங்கேயே சுத்தியலை எடுத்து இரண்டு தலையையும் தட்டிவிட்டார்.

அதோடு மனுசன் திருந்தியிருக்க வேண்டும். வழி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். மான், வாத்து, வலை இழுக்கிற ஆள், எல்லாம் அவர் வீட்டு வளவில் தலையில்லாமல் கழுத்தோடு நின்றன. பூச்சட்டி செய்யச் சொன்னால்கூட அதைச் சுமக்க ஒரு முதுகு முளைத்துவிடும். "கை கேக்குதில்ல தம்பி, நான் என்ன செய்ய?" என்பார்.

ஆனால் அவருடைய உயிரெல்லாம் பள்ளிவாசலுக்குக் கட்டவிருந்த புதுக் கோபுரத்தில், மினாராவில் இருந்தது. அந்த வேலை கிடைத்தால் போதும், மறுகா மௌத்தானாலும் பரவாயில்லை என்று தேத்தண்ணிக் கடையில் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். வேலையைக் கொடுக்க வேண்டியவர் பள்ளித் தலைவர் ஹாஜியார். கல்யாண வீடுகளில் றபான் மேளம் அடிக்கக் கூடாது என்று நிறுத்தியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மினாரா பற்றிப் பேச ஹாஜியார் மேசனின் வளவுக்கு வந்த அன்று, கடற்காற்று சும்மா இருந்திருக்கலாம். மூலையில் எதையோ மூடியிருந்த படங்குத் துணியைத் தூக்கி எறிந்தது. உள்ளே ஆளுயரத்தில் ஒரு சீமெந்து மனிதர். தலை இல்லை. நீளச் சட்டை, பின்னால் கட்டிய கை, விறைத்த முதுகு. வலது காலின் பெருவிரல் மட்டும் செருப்பை விட்டு எழும்பி நின்றது.

எங்கேயாவது தூரத்தில் றபான் கேட்டால் ஹாஜியாரின் அந்த விரல் தாளம் போடும். ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. வேலியோரம் நின்று பார்த்த நான், மேசனின் மினாரா போயிற்று என்றே நினைத்தேன்.

ஹாஜியார் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது ஆரு?"

"தலையில்லையே ஹாஜியார். ஆரெண்டு சொல்ற?"

ஹாஜியார் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"விரலச் சரியாத்தான் செஞ்சிரிக்கீங்க. மினாராவும் இப்பிடிச் சரியா வரணும்."

படங்கை அவரே எடுத்துப் போர்த்திவிட்டுப் போனார். மேசன் சீமெந்து படிந்த கையால் முகத்தைப் பொத்தி அழுதார்.

மினாரா இன்றும் நிற்கிறது, மேசன்தான் உயிரோடு இல்லை. அவர் சாரத்தில் ஏறி வேலை செய்தபோது கீழே நின்று எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது. பலகை மறைத்ததால் கழுத்துக்கு மேல் விழவில்லை. அவருடைய கூன் முதுகைக் கண்டதும், "மேசன் காக்காதானே?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் படத்தில் தலை தேவைப்படவில்லை. மனுசன்தான் தேவைப்படுகிறார்.