கல்யாண பீருக்கு ஓர் எவர்சில்வர் கலன்

ஒரு சமூகம் எதைக் குடிக்கிறது என்று பார்த்து அதன் நாகரிகத்தை அளப்பது பாமரர் வழக்கம். எதில் புளிக்கவைத்துக் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என உலகுக்கு உணர்த்திய பெருமை, செக் நாட்டின் பீர் நகரமான பில்செனின் கிழக்கே டிராம் திரும்புமிடத்தில் நிற்கும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தையே சாரும். வாசலை ஒட்டிய தரைத்தள ஜன்னல் என்னுடையது. நான் யார் பேச்சையும் ஒட்டுக்கேட்டதில்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்ததை வீணாக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி வாவ்ரா, கோடை முடியும் தறுவாயில் தன் மகள் ராட்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம்.

"பந்தியில ஓடுற பீர் உங்கப்பன் கையால காய்ச்சினதாத்தான் இருக்கும்டி. எழுதி வச்சுக்கோ."

இதை வெறும் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். இது எல்லைப் பாதுகாப்பு. மாப்பிள்ளையின் அப்பா ஹனாக், தெற்கு மொராவியாக்காரர். சொந்தத் திராட்சைத் தோட்டம், சொந்த ஒயின். நிச்சயத்துக்கு வந்தபோதே வாவ்ராவின் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டார்: "உங்க பீர் தயாரானா சந்தோஷம் சம்பந்தி. ஆகலேன்னாலும் மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. என் ஒயின் வந்துரும்."

அந்தத் தட்டு வாவ்ராவின் தோளில் அக்டோபர் வரை வலித்தது. பில்சென் மண்ணில் ஒரு கல்யாணம் ஒயினில் நனைவதா? கடை பீர் வாங்கி ஊற்றலாம்தான். ஆனால் சம்பந்தியின் சொந்த ஒயினுக்கு எதிரே கடை பீரை நிறுத்துவது, கூலிக்கு ஆள் பிடித்துப் போருக்குப் போவதைப் போன்றது.

வாவ்ராவிடம் வெள்ளை பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது. பல வருஷமாக பார்லி மால்ட் சாற்றைக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, மூடி, பால்கனிக் குளிரில் வைப்பார். நல்ல பீர். குடித்தவர்கள் இன்னொரு கிளாஸ் கேட்டார்களே தவிர, எந்தப் பாத்திரம் என்று கேட்டதில்லை. ஆனால் கல்யாணம் என்றதும் அவருக்கு வாளியைப் பார்க்கவே கூசியது.

"சம்பந்தி வந்து 'எதுல போட்டீங்க'ன்னு கேட்டா, வாளின்னா சொல்றது?"

பீரைப் புளிக்கவைக்க எவர்சில்வரில் ஒரு நொதிக்கலன் வாங்குவது என்று தீர்மானித்தார். தைரியமான முடிவு. பிறகு அதைவிடத் தைரியமாக, நாலு பேரிடம் யோசனை கேட்டார்.

அன்று பிறந்ததுதான் 'கலன் தேர்வுக் குழு'. தலைவர், குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஹூடெட்ஸ். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவார். அடுத்த வீட்டில் ஒழுகினால் காரணம் விளக்குவார். உறுப்பினர், ஐந்தாம் மாடி ஸ்லாமா. இவர் ஒரு சொட்டு பீரும் காய்ச்சியதில்லை. ஆனால் காய்ச்சுவது பற்றி இணையத்தில் எழுதப்பட்ட அனைத்தையும் படித்திருந்தார். கூட்டங்கள் தெருமுனை மதுக்கடையில் நடந்தன. வீட்டு பீரின் எதிர்காலத்தைக் கடை பீர் குடித்துக்கொண்டு விவாதித்தால்தான் நடுநிலை இருக்கும் என்றார்கள். அதுவும் சரிதானே. மிச்ச விவாதம் திரும்பி வரும்போது என் ஜன்னலடியில் நடந்தது.

"அடி கூம்பா இருக்கணும்," என்றார் ஸ்லாமா. "ஈஸ்ட் வண்டலெல்லாம் கீழ இறங்கும். வால்வைத் திறந்தா சளக்குனு வெளிய போயிரும். தட்டை அடியெல்லாம் சூப்பு வைக்கத்தான்."

"உள்பக்க வெல்டிங்கை யோசிச்சியா?" பொறியாளர் விரலை உயர்த்தினார். "விரல் வச்சுத் தடவுனா வழுக்கணும். சொரசொரன்னு இருந்தா கிருமி குடியேறிடும். குடியேறினா, வாடகை கொடுக்காது, காலியும் பண்ணாது."

"பொறியாளர் ஐயா, எனக்கு வாய் அகலமா இருந்தாப் போதும்," என்றார் வாவ்ரா. "கையை விட்டுத் தேய்க்கணும்ல."

"போதுமா? என்ன பேசுறீங்க? வெப்பமானி வேணாமா? சாம்பிள் குழாய்? பக்கவாட்டுல கைப்பிடி?"

கைப்பிடி என்னுடைய யோசனை. ஜன்னல் வழியாகத் தெரிவித்திருந்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

செப்டம்பர் முழுவதும் அடியைப் பற்றிப் பேசினார்கள். அக்டோபரில் மூடிக்கு ஏறினார்கள். மூடி ரப்பர் வெள்ளையா கருப்பா என்ற கேள்வியில் ஸ்லாமா வெளிநடப்பு செய்தார். குடை மறந்ததால் திரும்பி வந்தார். இதற்கிடையே வாவ்ரா, பழைய ஆட்சியின் சின்னமான வாளியை என் கதவருகே வைத்துவிட்டுப் போனார். "லிபுஷக்கா, எதுக்காவது வச்சுக்கோங்க. எனக்கு இனிமே இது வேணாம்." நான் அதில் கோஸை நறுக்கி, உப்பும் சீரகமும் போட்டு, மேலே கல்லை வைத்தேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. என் பின்தங்கிய மனநிலை அப்படி.

நவம்பர் நடுவில் ஒருநாள் ராட்கா வாசலிலேயே அப்பாவை மடக்கினாள்.

"அப்பா, பீர் ரெண்டு மாசம் குளிர்ல தூங்கணும்னு நீதானே சொல்லுவே? எப்ப தூங்க வைக்கப்போற? என் கல்யாணத்தன்னிக்கா?"

"கலன் வந்துரட்டும்மா. குழு கிட்டத்தட்ட முடிவுக்கு வந்தாச்சு."

"சரி, இங்கிலீஷ்காரன் மாதிரி போடேன். அவங்க ஏல் பீர் ரெண்டு மூணு வாரத்துல ஆயிடுமாமே. வாளிய லிபுஷக்காகிட்ட கேட்டு வாங்கிக்கோ."

அப்போது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த பொறியாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நாங்கள் எதையும் பொறுப்போம். மழையைப் பொறுப்போம், அரசாங்கத்தைப் பொறுப்போம். ஆனால் பில்செனில், மாதக்கணக்கில் குளிரில் தூங்கியெழுந்த லாகர் அல்லாத பீரா?

"பாப்பா," என்றார் தழுதழுத்த குரலில், "உங்க தாத்தா இதைக் கேட்டிருந்தா மறுபடியும் செத்துப்போயிருப்பாரு."

"அப்ப ஒயினே ஊத்துங்க," என்று ராட்கா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது. வாவ்ராவுக்கும்தான். ஆனால் அவர் குழுவுக்குக் கட்டுப்பட்டவர்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் கலன் வந்து இறங்கியது. ஆகா! முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். கூம்பு அடி, வழுக்கும் வெல்டிங், அகன்ற வாய், வெப்பமானி, குழாய், கைப்பிடி, மூன்று கால். கட்டடமே வாசலில் கூடிக் கைதட்டியது. லாகர் காய்ச்ச மட்டும் நேரமில்லை. "அடுத்த கல்யாணத்துக்கு இப்பவே தயார்," என்று பொறியாளர் அறிவித்தார். வாவ்ராவுக்கு ஒரே மகள்.

அடுத்தநாள் வாவ்ரா தெருமுனையில் தொட்டி வைத்து மீன் விற்பவனிடம், கிறிஸ்துமஸ் விருந்துக்கான கெண்டை மீனை உயிரோடு வாங்கிவந்தார். வழக்கம்போலக் குளியல் தொட்டியில் விடப்போனவரை மனைவி மிலெனா வழிமறித்தாள்.

"என்ன பண்றீங்க? சம்பந்தி வீட்டார் நாளைக்கே வர்றாங்க. அவங்க எங்க குளிப்பாங்க? மீனோடயா?"

"பின்ன இத எங்க விடறது?"

மிலெனா ஹாலில் பளபளத்து நின்றதைப் பார்த்தாள். வாவ்ராவும் பார்த்தார். பையிலிருந்த கெண்டையும் ஒரு துள்ளுத் துள்ளியது.

குழு வீண்போகவில்லை என்பதை இங்கே நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அகன்ற வாய் வழியாகக் கெண்டை அலுங்காமல் இறங்கியது. வழுக்கும் வெல்டிங்கில் அதற்கு ஒரு செதில்கூடக் கீறவில்லை. அது கழித்ததெல்லாம் கூம்பில் இறங்க, வால்வைத் திறந்ததும் சளக்கென்று வெளியேறியது. "நான் சொன்னேன்ல!" என்று ஸ்லாமா குதித்தார். பொறியாளர் நேரம் தவறாமல் வந்து வெப்பமானியைப் பார்த்துப் போனார். செக் மண்ணில் எந்தக் கெண்டையும் இவ்வளவு மரியாதையோடு மரணத்துக்குக் காத்திருந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை கெண்டையை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, உருளைக்கிழங்கு சாலட்டோடு வைத்தார்கள். குழுவினருக்கும் அழைப்பு. எனக்கும்தான், கைப்பிடியை மறக்க முடியுமா?

கல்யாணத்தில் ஒயின் ஓடியது. ஹனாக் ஊற்ற ஊற்ற, பில்சென் குடித்தது. நல்ல ஒயின், என்ன செய்ய. என் வாளியில் புளித்த கோஸும் வாத்து வறுவலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேர் வாங்கியது. மூன்றாவது கிளாஸில் வாவ்ரா மானத்தை விட்டுக் கேட்டார்: "சம்பந்தி, இதை நீங்க எதுல போட்டீங்க?"

"எங்கிட்ட ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் கெடக்கு சம்பந்தி. ஏன் கேக்கறீங்க?"

வாவ்ரா கிளாஸை ஒரே மடக்கில் காலி செய்தார். ராட்கா எழுந்து வந்து அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "விடுப்பா. பேரப்பிள்ளை பொறந்தா அந்தக் கலன்ல பீர் போடலாம்."

"போடலாமே," என்று பொறியாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "ஆனா அதுக்கு முன்னாடி, அந்த மூடி ரப்பரைப் பத்தி ஒரு சின்ன சந்தேகம்..."

இத்தனை மாதத்தில் அந்தக் கலனை யாரிடமும் கருத்துக் கேட்காமல், யாருக்கும் கருத்துச் சொல்லாமல், நேரே உள்ளே இறங்கிப் பயன்படுத்திய ஜீவன் எங்கள் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான். அதையும் நாங்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பொரித்துத் தின்றுவிட்டோம்.