சிலி தேசத்துக்குச் சாயம்

நகரி,
சார்வரி வருஷம், ஆனி மாதம்.

சித்தூரில் பூகம்ப சகாயக் கமிட்டியின் எழுத்தராக வீற்றிருக்கும் மாப்பிள்ளை வெங்கடரமணன் அவர்கள் சமூகத்துக்கு, நகரி சாயப்பட்டறை மாமனார் தணிகாசலம் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், பட்டறையும் சௌக்கியம். தங்கள் கடுதாசி வந்ததிலிருந்து என் தலைதான் சௌக்கியமில்லை. அங்கே என் மகள் தாட்சாயணிக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்குரியதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சிலி தேசத்துப் பூகம்பத்துக்காக எங்கள் தெரு அனுப்பிய கம்பளி மூட்டைகளைக் கமிட்டி கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது, அதனால் நோட்டீசைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மூட்டைகள் வெள்ளிக்கிழமை லாரியில் மதராஸ் துறைமுகத்துக்குப் போகுமாம். போடாவிட்டால் நோட்டீசு எழுதியவர் மேல் விசாரணை வருமாம், விசாரணை முடிகிறவரை கம்பளிகள் சாட்சிப் பொருளாம், கப்பல் அதற்குள் போய்விடுமாம். மாப்பிள்ளை, போட மாட்டேன். எனக்கா தெலுங்கு தெரியாது? சந்தையில் நூல் வாங்குவது தெலுங்கில், கடன்காரனிடம் சமாதானம் பேசுவது தெலுங்கில், தங்களுக்கு இந்த உத்தியோகம் கிடைப்பதற்காக அந்தப் பெரிய மனிதர் வீட்டு வாசலில் நின்று நான் பல்லைக் காட்டியது எந்த பாஷையில் என்று தங்கள் மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள்.

தெலுங்கில் சாயம் என்றால் உதவி. அது நகரியில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் தாங்கள் போட்டது தமிழ் நோட்டீசு. தமிழ் ஜனங்களுக்குத் தமிழிலேயே எழுதுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு, தெலுங்கு நோட்டீசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தாங்கள் திருவாய் மலர்ந்தது இது: 'பூகம்பத்தில் வீடிழந்து குளிரில் வாடும் சிலி தேசத்தாருக்குக் கம்பளி, துப்பட்டி கொண்டு வாரீர்! உடனே சாயம் செய்வீர்!' இதைச் சாயக்காரத் தெருவில் வந்து தண்டோரா போட்டால், சாயக்காரன் அடுப்பை மூட்டுவானா, அகராதி தேடுவானா?

அடுப்பை மூட்டினோம். கமிட்டிக்காரர்கள் படித்தவர்கள், அந்த தேசத்தில் வெறும் கம்பளி போர்த்துகிற வழக்கம் இல்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நமக்கு வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் அங்கே குளிர்காலமாம், பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். அதைக் கேட்டதும் தெருவே வாரிக் கொடுத்தது. தெருமுனையில் இட்லி சுடுகிற செங்கம்மா தன்னிடம் இருந்த ஒரே கம்பளியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மார்கழிக்கு அடுப்போரம் படுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். என்ன கலர் போடுவது என்று பெரிய பஞ்சாயத்து. சாவு விழுந்த ஊருக்கு வெளுப்பும் கறுப்பும் ஆகாது, அரக்குச் சிவப்பு போடு, பார்த்தாலே சூடாக இருக்கும் என்று உங்கள் அத்தை தீர்ப்புச் சொன்னாள். கூலி வாங்காமல், என் விறகு, என் சாயம், என் இடுப்பு வலி எல்லாவற்றையும் போட்டு முக்கி எடுத்தோம். அதில் சலவை மூட்டை ஒன்று மாறி வந்து, கிராம முன்சீப் ஜமாபந்திக்குக் கட்டிக்கொண்டு போக வைத்திருந்த வேட்டியும் அங்கவஸ்திரமும் தொட்டியில் இறங்கிவிட்டன. வேறு வேட்டி இல்லாமல் அவர் அதையே கட்டிக்கொண்டு போக, எப்போது சிவப்புக் கட்சியில் சேர்ந்தீர் என்று மேலதிகாரி கேட்டாராம். முன்சீப் இன்றுவரை என் தெருப் பக்கம் வருவதில்லை. அதுவும் என் தலையில்.

பிறகு லாரி வந்தது. இன்னும் ஈரம் போகவில்லை, ஒரு நாள் பொறு என்று டிரைவரிடம் கெஞ்சினேன், கேட்கவில்லை. மதராஸ் எங்களுக்குக் கூப்பிடு தூரம், திருத்தணி வழியாகப் போனால் பொழுது சாயுமுன் துறைமுகம். ஆனால் திருத்தணி போன பங்குனியில் மதராஸ் ராஜ்யத்தோடு போய்விட்டதால், ஆந்திரக் கம்பளி முதலில் சித்தூர் போய் முத்திரை வாங்க வேண்டுமாம். கிழக்கே போக வேண்டிய மூட்டை மேற்கே போனது. வழியில் மழை, தார்ப்பாயில் ஓட்டை, கீழே திருப்பதி பாஷ்யம் ஐயங்கார் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த வெள்ளை வேட்டிகள். சித்தூரில் இறக்கும்போது அத்தனையும் ரோஸ். பெருமாள் ஊரிலிருந்து போகிற வஸ்திரமா இது என்று அவர் எனக்கு ஒரு கார்டு எழுதினார். குளிரில் நடுங்குகிறவன் கலரா பார்ப்பான் சுவாமி என்று பதில் போட்டேன். அதற்கு அவர், எந்த தேசத்துக்கு எது வேண்டுமென்று முதலில் கேட்டுக்கொண்டு அனுப்ப வேண்டும், தெரியாவிட்டால் துணியை விட்டுப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நோட்டீசில் எழுதியிருக்க வேண்டியவர் யார் மாப்பிள்ளை?

மாமனாரின் சாயம் வெளுத்துவிட்டது என்று தாட்சாயணியிடம் புலம்பினீர்களாம். வெளுத்தது தங்கள் சாயம். காயவிட்டிருந்தால் என் சாயம் ஏழு கடல் தண்ணீரில் முக்கினாலும் நின்றிருக்கும். விசாரணை வரட்டும், ஜட்ஜு வரட்டும், தொழிலில் ஒரு சொல் கேட்காத நான், தெரிந்த பாஷையைத் தெரியாது என்று எழுதித் தர மாட்டேன். மூட்டைகளை விடச் சொல்லுங்கள். கையெழுத்து கிடைக்காது. இதுவே என் முடிவான வார்த்தை.

தாங்கள் ஆயுசோடும் உத்தியோகத்தோடும், முடிந்தால் ஒரு தமிழ் அகராதியோடும் நீடூழி வாழ வேங்கடேசப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். அத்தை மாங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். நான் தடுத்தேன், கேட்கவில்லை.

இப்படிக்கு,
தலை குனியாத மாமனார்,
தணிகாசலம்.

பின்குறிப்பு: எழுதியதை உங்கள் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். செங்கம்மா வாசலில் நின்று முழுவதும் கேட்டுவிட்டாள். கம்பளி இன்னும் கப்பல் ஏறவில்லையா என்று கேட்டாள். என் மானம் எப்படிப்பட்டது என்று அவளுக்கு விவரமாக எடுத்துச் சொன்னேன். "இன்னாண்ணா, அந்த ஊரு ஜனங்க உன் ரோஷத்தயா போத்திக்கினு தூங்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டுக் கடையைப் பார்க்கப் போய்விட்டாள். ஆகவே தாங்கள் கேட்டபடியே எழுதி, கையெழுத்தும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை லாரியில் மூட்டைகள் ஏறியே ஆகவேண்டும். எனக்குத் தெலுங்கில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதை இரண்டு பக்கத்துக்கு, என் கைப்பட, தெலுங்கிலேயே எழுதியிருக்கிறேன். அதில் தாங்கள் ஒரு பிழை கண்டுபிடித்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.