மன்றத்தில் உச்சுக் கொட்டியவன்

வாயைத் திறந்து காரியம் கெடுத்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். நான் ஒரு சொல்லும் பேசாமல் கெடுத்தவன்.

தொண்ணூறுகளின் நடுவில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்க, அகதிகளாய் வந்த எங்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் துறைமுகத் தொழிலாளர்களின் அரசியல் மன்றம் ஒன்று இருந்தது. கீழே சிவப்புக் கொடியும் சீட்டாட்ட மேசைகளும், மேலே ஒரு வெறும் அறை. "முதலில் எங்கள் வரலாற்றைக் கேளுங்கள், பிறகு வாக்கெடுப்பு" என்றார் தலைவர் சால்வோ. எழுபது வயது மனிதர்.

எங்கள் சங்கத்து அருளண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். (தன்னுடையதைப்போல என் இத்தாலியனும் திறம் என்று அவருக்கு நம்பிக்கை. வேலைக்கு நின்ற எசமானி சிஞ்ஞோரா வீட்டில் 'கழுவு', 'துடை' இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.)

"தம்பி, நீர் வாய் திறக்கவேண்டாம். மரியாதையாக் கேட்டுக்கொண்டிரும், காணும்."

"ஓம் அண்ணை."

சால்வோ எழுந்தார். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். மன்றத்தைத் தொடங்கிய தன் தகப்பனைப் பாசிஸ்டுகள் தெருவில் போட்டு அடித்ததைக் கையாலும் முகத்தாலும் நடித்துச் சொன்னார்; எனக்கே பாதி விளங்கியது. இரக்கம் தாங்காமல் "ச்சு" என்று உச்சுக் கொட்டினேன். கொடியைத் தாய் மாவு மூட்டைக்குள் ஒளித்தாராம். "ச்சு, ச்சு." வேலைநிறுத்தத்தில் பிடிபட்ட தமையன் சிறையிலேயே செத்தாராம். ஒரு செத்தவீட்டுக்குத் தேவையான அளவு கொட்டினேன். (சிசிலியில் அந்தச் சத்தத்துக்கு 'இல்லை' என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாது.) அருளண்ணை என் காலை மிதித்தார். அழாதே என்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

"என் அண்ணன் சாகவில்லையா?" என்றார் சால்வோ. கேள்வி விளங்கவில்லை, குரலின் நடுக்கம் மட்டும் விளங்கியது. கண் கலங்க இன்னும் உரக்க ஒன்று கொட்டினேன்.

வாக்கெடுப்பில் ஒரு கையும் எழவில்லை. எதிர்ப்பே இல்லை என்று மகிழ்ந்து, "சாவி?" என்று கேட்டேன். சால்வோ தலையைப் பின்னால் சாய்த்து நாடியை நிமிர்த்தி "ச்சு" என்றார். எனக்காக இரங்குகிறார் என்று எண்ணிக் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

தெருவுக்கு வந்ததும் அருளண்ணை வெடித்தார். "அந்த மனுசன்ரை செத்த தமையனைப் பொய் எண்டு சொல்லிப்போட்டு வாறீர்!"

அடுத்த கிழமை இருவரும் மன்னிப்புக் கேட்கப் போனோம். அருளண்ணை விளக்கியதைக் கேட்ட சால்வோ எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகு, "மகன் செத்ததை என் அம்மாவும் சாகும்வரை அப்படித்தான் 'இல்லை' என்றாள்" என்றார். எனக்கு அழுகை வந்தது. உச்சு வராமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முடிந்த வாக்கெடுப்பை மாற்ற வழியிருக்கவில்லை. அந்த வருடம் பிள்ளைகள் பூங்காவின் வாங்குப் பலகைகளில் உட்கார்ந்து 'அ, ஆ' எழுதினார்கள். இன்றும் எனக்கு வெட்கம்.

வீட்டில் மட்டும் இது ஓயாத பகிடி. போன மாதம் மனைவிக்குச் சத்திரசிகிச்சை. உள்ளே கொண்டுபோகும்போது பிள்ளைகளிடம் சொன்னாள்:

"எனக்கு ஒண்டெண்டால் அப்பாவைப் பக்கத்திலை இருத்துங்கோ. அவர் உச்சுக் கொட்டட்டும். இந்த ஊர்ச் சாவு, 'இல்லை'யெண்டு விளங்கிக்கொண்டு திரும்பிப் போயிடும்."