விடுதிக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் தேவை

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தானுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பியும், அரசுப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் பிரிவுப் பொறுப்பாளனுமான நான் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பாப்பா மூவரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாததால்தான் இந்த நம்பிக்கை. அது என் தப்பு இல்லை அத்தான், கடிகாரத்தின் தப்பு. எங்கள் வரவேற்பறைச் சுவரில் வரிசையாக ஐந்து கடிகாரங்கள் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். பன்னாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் சுவரில் பல ஊர் நேரம் ஓட வேண்டுமாம். அதில் ஒன்று உங்கள் ஊர். அந்தக் கடிகாரத்தில் எப்போது பார்த்தாலும் காலை பத்து மணியாகவே இருந்ததால், உங்களுக்குப் போன் செய்ய எந்த நேரமும் நல்ல நேரம் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் தூக்கத்திலிருந்து பதறி எழுந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தியதும், நான் "ஒண்ணும் ஆகல அத்தான், சும்மாதான்" என்றதும், அதற்கு நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. அதை அக்காவுக்காக மறந்துவிட்டேன். நாலாவது தடவைக்குப் பிறகு என் நம்பரைக் கண்டாலே நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே கடிதம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். மருமகனை எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பி வையுங்கள். அவன் உங்கள் ஊரில் பிறந்தவன், பாஸ்போர்ட்டும் அந்த ஊருடையது. நமக்கு வீட்டுப் பிள்ளை, எங்கள் அலுவலகத்துக்கு அசல் வெளிநாட்டு மாணவன். இப்படி ஒரு சரக்கு நம் குடும்பத்திலேயே இருப்பது தெரியாமல் இத்தனை நாள் உலகமெல்லாம் ஈமெயில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மதியம் வரை தூங்குகிறான் என்று அக்கா குறைப்படுகிறாள் அல்லவா? தூங்கட்டுமே. தூங்குவதற்கு எங்களிடம் இருக்கிற மாதிரிக் கட்டில்கள் வேறெங்கும் கிடையாது.

எங்கள் பல்கலைக்கழகம் பாப்பாவைவிட வயதில் சின்னது. பாப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது இந்த இடம் வெறும் பொட்டல். இப்போது வாசலில் பெரிய வளைவு, வளைவின் உச்சியில் பூமி உருண்டை. அது சுற்றும், மழை பெய்தால் மட்டும் சுற்றாது. எங்கள் துணைவேந்தருக்கு வாயைத் திறந்தால் உலகத்தரம்தான். தேநீர் வந்தாலும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது உலகத்தரமா இருக்கா?" என்று எதிரில் இருப்பவரைக் கேட்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே உலகத்தரம். மனிதர் தங்கமானவர். ஆனால் கனவு காண்பது அவர், அதற்கு விரிப்பு விரிப்பது நான். அப்படி அவர் கண்ட கனவில் ஒன்றுதான் பன்னாட்டு மாணவர் விடுதி. உள்ளூர்ப் பிள்ளைகள் ஓர் அறைக்கு நாலு பேராக இடித்துக்கொண்டு படுத்திருக்க, இந்த விடுதியில் மட்டும் ஆளுக்கு ஒரு அறை, இளநீலத் திரை, மேசை விளக்கு, சுவரில் உலக வரைபடம். எல்லாம் இருக்கிறது, ஆள்தான் இல்லை. கட்டி முடித்த நாளிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் விரிப்புகளை வெளுக்கிறோம். "யாருமே படுக்காத விரிப்ப எதுக்கு சார் தொவைக்கணும்?" என்று சலவைக்காரர் கேட்டார். "வர்றவங்க எந்த நிமிஷம் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். குறைகளைப் போட விடுதி வாசலில் ஒரு பெட்டியும் உண்டு. மாதாமாதம் அதைத் திறந்து பார்த்துவிட்டு, வெளிநாட்டு மாணவர்களிடமிருந்து ஒரு குறையும் வரவில்லை என்று மேலிடத்துக்கு எழுதுகிறேன். இந்த விஷயத்தில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

இப்போது கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது அத்தான். போன மாதம் உலகத்தரம் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் ஒரே ஒரு மாணவராவது வரணும். இல்லன்னா விடுதிய விடைத்தாள் கிடங்கா மாத்திடுவேன், நீங்க பழைய எடத்துக்கே போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். பழைய இடம் என்றால் தளவாடப் பிரிவு. உடைந்த நாற்காலிகளை உடையாத நாற்காலிகளிலிருந்து பிரித்து எண்ணுகிற வேலை. இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கேதான் கிடந்தேன். நாற்காலி திரும்பப் பேசாது, மனிதர்களோடு வேலை செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பிரிவுக்கு வந்தேன். வந்த பிறகு பார்த்தால் இங்கேயும் காலி நாற்காலிதான். ஆனாலும் இது நம்பிக்கையுள்ள காலி நாற்காலி. அதை விட மனசு வரவில்லை.

இனி ஒத்திகை விவகாரம். முதல் மாணவர் வரும் நாளில் சொதப்பக்கூடாது என்று, வெள்ளிக்கிழமைதோறும் வரவேற்பு ஒத்திகை வைப்போம். வெளிநாட்டு மாணவராக யாராவது வர வேண்டுமே? கணக்குப் பிரிவு எழுத்தரைப் பிடித்தேன். அவர் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியோடு காரிலிருந்து இறங்குவார். நாங்கள் ஓடிப்போய்ப் பூச்செண்டு கொடுப்போம், புகைப்படக்காரர் படம் எடுப்பார், உலகத்தரம் கைகுலுக்குவார், எழுத்தர் நெஞ்சில் கைவைத்து, "என் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்பார். அவ்வளவுதான் அவருடைய வசனம். நாளாக நாளாக மனிதருக்கு அது தலைக்கேறிவிட்டது. "போன வாரப் பூ கொஞ்சம் வாடியிருந்துச்சு" என்றார். அப்புறம், "ரூம்ல விளக்கு கண்ணக் கூசுது" என்றார். கணக்குப் பிரிவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள், நடிகர் என்றால்தான் திரும்புகிறார்.

இந்த நேரத்தில்தான், நான் அனுப்பிய நூற்றுக்கணக்கான ஈமெயில்களில் ஒன்றுக்குப் பதில் வந்தது. எங்கிருந்து என்கிறீர்கள்? உங்கள் ஊரிலிருந்து! அங்கே புதிதாக வந்திருக்கிற அரசுப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். உலகத்தரம் அன்று மதியம் சாப்பிடவே இல்லை. வாசல் வளைவுக்கு வர்ணம் அடித்தோம், பூமி உருண்டைக்கு எண்ணெய் விட்டோம், பெட்டி தூக்க ஒரு ஆள் இருக்கட்டும் என்று நடிகரையும் காரில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்பினேன். அத்தான், நான் செய்த தப்பு இதுதான். கார் வந்து நின்றது. ஒரு கதவு வழியாக அந்த அம்மையார் இறங்கினார். இன்னொரு கதவு வழியாக, பெட்டியோடு, வெயிலுக்காகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நடிகர் இறங்கினார். அவ்வளவுதான், எத்தனை வெள்ளிக்கிழமைப் பழக்கம்! மொத்தக் கூட்டமும் நடிகரைப் பார்த்து ஓடியது. பூச்செண்டு அவர் கையில். புகைப்படக்காரர் அவர் முகத்துக்கு நேரே. உலகத்தரமே அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நடிகராவது சுதாரித்திருக்கலாம் இல்லையா? நெஞ்சில் கைவைத்து, "என் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். கை தட்டியவர்களில் நானும் ஒருவன். பழக்கதோஷம்.

யாரோ ஒரு பெண்பிள்ளை கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்ற அந்த அம்மையாரைக் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போவதை அப்புறம்தான் பார்த்தேன். யாரோ இல்லை, நம் பாப்பாதான். இங்கேதான் கடைசி வருடம் படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் வியர்க்க விறுவிறுக்கத் தேடிக்கொண்டு போனபோது, இருவரும் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன பாப்பா, கோவமா இருக்காங்களா?" என்றேன். "இல்லப்பா. இவ்வளவு பெரிய வரவேற்ப இவங்க வாழ்க்கைல பார்த்ததில்லயாம்" என்றாள். என் மானம் போனது, ஆனால் அதோடு பயமும் போனது. இங்கே தங்கியிருந்த இரண்டு நாளும் அம்மையார் பாப்பாவை விட்டு நகரவில்லை. மொழிபெயர்ப்பும் அவளே, வழிகாட்டியும் அவளே. வரவேற்பறையில் உங்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து, தன் கைக்கடிகாரத்தையும் பார்த்து, அம்மையார் பாப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அப்போதுதான் அது எப்போதோ நின்றுபோன சங்கதி எனக்குத் தெரிந்தது.

விடுதியைக் காட்டினேன். அம்மையார் ஓர் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். விரிப்பைத் தடவினார். திரையைப் பார்த்தார்.  அவர் மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்து நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம் மெல்லப் பேச ஆரம்பித்தார். பாப்பா சொன்னாள்: "அப்பா, அவங்ககிட்டயும் இதே மாதிரி ஒரு விடுதி இருக்காம். இதே நீலத் திரையாம். அங்கயும் இன்னும் யாரும் வரலயாம். ஒரு ஆளாவது வரலன்னா இவங்கள நூலகத்துக்கு மாத்திடுவாங்களாம்." அத்தான், கேட்டீர்களா? எத்தனையோ மைலுக்கு அப்பால் என்னைப் போலவே ஒரு ஜீவன் வாரந்தோறும் விரிப்பை வெளுத்துக்கொண்டிருக்கிறது! "வாராவாரமா?" என்று பாப்பா மூலம் கேட்டேன். "வாராவாரம்" என்றார். ரெண்டு பேரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டோம். அன்று மாலையே உலகத்தரம் முன்னிலையில் ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அவர்கள் இங்கே ஒரு மாணவரை அனுப்ப வேண்டியது, நாங்கள் அங்கே ஒரு மாணவரை அனுப்ப வேண்டியது. எங்களுக்கு வருவதைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். போவதற்கு யாராவது ஒரு பிள்ளை கிடைக்காமலா போகும்?

ஆனால் அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் இங்கே வர மாட்டேன் என்கிறார்களாம். அதனால்தான் மருமகனைக் கேட்கிறேன். அவனை அந்த அம்மையாரிடம் சேர்த்துவிட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தனியா எப்படி இருப்பான், சாப்பிட்டானா, போர்த்திக்கிட்டானா, காய்ச்சல் வந்தா யார் பார்ப்பா என்று ஆரம்பிப்பாள். இதெல்லாம் அந்தக் காலத்துப் பயம் அத்தான். இன்றைக்கு உலகமே ஒரு தெரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளை முந்தானையில் முடிந்து வைத்தால் அவர்கள் எப்படி வளர்வார்கள் என்று நான் அலுவலகத்துக்கு வருகிற பெற்றோருக்கெல்லாம் சொல்கிறேன். முழுக் கட்டிடமும் அவனுக்கே. ஒரு நாளைக்கு ஓர் அறையில் படுக்கலாம், ராஜா மாதிரி இருக்கலாம். நீங்கள்தான் அக்காவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு தகப்பன் மனதைத் திடப்படுத்திக்கொண்டால் நடக்காதது எது?

அக்காவின் முழங்கால் வலி தீரவும், உங்கள் இரத்தக்கொதிப்பு என்னால் இனியும் ஏறாமல் இருக்கவும், மருமகன் சீக்கிரம் விழித்துக்கொள்ளவும் கடவுளை வேண்டி, எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லி முடிக்கிறேன்.

என்றும் உங்கள் போனுக்குக் காத்திருக்கும்
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மறுபடியும் பிரித்து இதை எழுதுகிறேன். மருமகனை அனுப்ப வேண்டாம்.

பாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அப்பா, இங்கேருந்து போற ஆள் யாருன்னு கேட்டீங்கல்ல? நான்தான். அந்த அம்மா எனக்கு மேல்படிப்புக்கு எடம் போட்டுட்டாங்க." என் மனைவியைப் பார்த்தேன். அவள் குழம்புக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதாவது அவளுக்கு முன்பே தெரியும். "தனியாவா?" என்றேன். "முழுக் கட்டடமும் எனக்கேப்பா. ராஜா மாதிரி இருக்கலாம்னு நீங்கதான எல்லார்ட்டயும் சொல்வீங்க" என்றாள். அத்தான், அந்தக் கட்டிடத்தில் வேறு ஒருவரும் இல்லை. காலி விடுதி சாயங்காலம் ஆனால் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அங்க குளிர் எப்படி? அவ போர்வைய ஒதறிட்டுத் தூங்குவா, எழுந்து போத்திவிட ஆள் வேணும். பசிச்சாலும் வாயத் திறந்து கேக்க மாட்டா. காய்ச்சல் வந்தா யார்கிட்டயும் சொல்ல மாட்டா, முகத்த வெச்சு நாமளாத்தான் கண்டுபிடிக்கணும். அவளை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொல்லுங்கள். அந்த அம்மையார் பெயரளவுக்கு ஒரு கட்டிலை அவள் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும், ஒரு கட்டிலாவது நிரம்பட்டும். மருமகன் அங்கேயே இருக்கட்டும். விமான நிலையத்தில் அவள் பெட்டியைத் தூக்க வேண்டும், பூச்செண்டையும் தப்பாமல் அவள் கையில் கொடுக்க வேண்டும். நான் தளவாடப் பிரிவுக்கே போகிறேன். நாற்காலி எண்ணுவது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.

இதை எழுதி முடிக்கும் முன் அலுவலகத்துக்கு ஓடிப்போய் உங்கள் ஊர்க் கடிகாரத்தைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்து, புது பேட்டரி போட்டு, பாப்பாவிடம் கேட்டு நேரத்தைச் சரி செய்து, என் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டேன். இனிமேல் சரியான நேரத்துக்குத்தான் போன் செய்வேன் அத்தான். தயவுசெய்து எடுங்கள்.