வெட்டுக்கிளிக் குலத்துக்கு ஒவ்வாமையா?

உலகில் குறையே சொல்ல முடியாத பொருள் ஒன்று உண்டென்றால், அது மசாக்கா வட்டாரத்து வெட்டுக்கிளிக் குல ஆண்களின் வித்துதான். குலப் பெரியவர் முகலூலா இதைப் பல கூட்டங்களில் எழுந்து நின்று அறிவித்திருக்கிறார், எதிர்ப்பு வந்ததில்லை.

ஆகவே மருமகள் நன்யோங்காவுக்கு, கணவன் எராஸ்தோவுடன் கூடும்போதெல்லாம் உடம்பு தடித்து மூச்சு முட்டியபோது, அவர் உடனே 'நோயைக்' கண்டுபிடித்தார். வெட்டுக்கிளி குலச்சின்னம்; குலத்தார் அதைத் தின்னக்கூடாது. அவளோ புகுந்த வீட்டுக்கு வந்தபின் கடைத்தெருவில் ஒரு பொட்டலம் வறுத்த வெட்டுக்கிளி தின்றவள். தின்ற குலம் அரிக்காமல் என்ன செய்யும்? சனிக்கிழமை அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதென்று கூட்டம் முடிவெடுத்தது.

அதற்குள் எராஸ்தோ அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டான். சோதனை முடிவு சொல்லும் நாளில் அவன் பெற்றோரும் வந்துவிட்டார்கள். மாமனார் மருமகளோடு ஓர் அறையில் உட்காரலாகாது. எனவே முகலூலா மனைவி யூனியாவை உள்ளே அனுப்பிவிட்டு, டாக்டர் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நிமிர்ந்து அமர்ந்தார். கதவு திறந்தே இருக்கட்டும் என்று நன்யோங்காவே சொல்லிவிட்டாள்.

"வெட்டுக்கிளி தின்னா தடிக்குதா?" என்றார் டாக்டர் நாமுலி.

"இல்ல டாக்டர். நேத்துகூட தின்னேன்."

"அடிப்பாவி!" என்றது கதவு.

"போன தடவை, ஆணுறை போட்டுப் பார்க்கச் சொன்னேனே?"

"அப்ப ஒண்ணுமே வரல."

"தோல்ல சொட்டு வெச்சுப் பார்த்ததும் தடிச்சிடுச்சு. உங்க கணவரோட விந்துதான் ஒத்துக்கல. வைத்தியம் இருக்கு, குழந்தையும் பெத்துக்கலாம்."

"எங்க வித்தா ஒத்துக்கல?" நாற்காலி கிறீச்சிட்டது. "என் பொண்டாட்டியக் கேளுங்கம்மா! முதல் ராத்திரி விடிஞ்சதும் கண்ணு வீங்க ஆனந்தக் கண்ணீர் விட்டவ! ஊருக்கே தெரியும். சனிக்கிழமை இவ கிளம்பணும். அவ்வளவுதான்!"

கணவனிடம் எப்போதும் மண்டியிட்டே பேசும் யூனியா, அன்று வாசலில் வந்து நின்றுகொண்டே பேசினாள்.

"அப்ப என் பெட்டியையும் சேர்த்துக் கட்டுங்க."

"உனக்கென்னடி வந்துச்சு?"

"இவளுக்கு வந்ததேதான். அது ஆனந்தக் கண்ணீர் இல்ல, அரிப்பு. ஆறு பிள்ளை தரிச்சப்பவும் எனக்கு அரிச்சுது." அவள் கையைச் சொறிந்துகொண்டாள். "நான் இதுவரைக்கும் ஒரு வெட்டுக்கிளியக்கூட வாயில வெச்சதில்ல. உங்களைத் தவிர எதுவும் என்னைக் கடிச்சதுமில்ல."