லைலாக் பூத்தால் ஆறு

சிமெண்டு ஆலையில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஹார்லன் வான் ஆல்ஸ்டைன், மார்ச் மாதம் பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குத் தம் மனைவி நோரீனிடம் மாபெரும் உறுதிமொழி ஒன்றை அளித்தார். வீட்டின் முன்வாசல் படிகளைத் தாமே பிரித்துப் புதிதாகக் கட்டித் தருவதாக.

இதே உறுதிமொழியை அவர் மூன்றாம் ஆண்டாக அளிக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். முதல் ஆண்டு ஒரே ஒரு படிதான் உளுத்திருந்தது. இரண்டாம் ஆண்டு பாதிரியார் வந்து திரும்பியபோது அவருடைய வலக்கால் முழங்கால்வரை அந்தப் படிக்குள் இறங்கியது. அதன்பின் கேட்ஸ்கில் ஊரில் அவர்கள் வீட்டுக்கு வருகிற அனைவரும் குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு பக்கவாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். இந்த ஆண்டு மே மாதக் கடைசி ஞாயிறன்று பேத்திக்கு ஞானஸ்நானம். விருந்து இந்த வீட்டில். சம்பந்தி வீட்டாரையும் குப்பைத் தொட்டி வழியாக அழைத்துவர நோரீன் அம்மையாருக்கு விருப்பமில்லை.

ஹார்லனின் கவலை வேறு. வசந்தம் வந்தால் ஹட்சன் ஆற்றில் வரிக்கொடுவா ஏறும். விலாவில் கரிய கோடுகள் ஓடும் அந்தப் பெரிய மீன்கள் கடலைவிட்டு முட்டையிட ஆற்றுக்குள் வந்து, ஐந்து வாரம் தங்கி, திரும்பிவிடும். நாற்பது ஆண்டுகளாக ஆலை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே அவர் அவற்றைத் துரத்த முடிந்தது. இந்த ஆண்டுதான் எல்லா நாளும் ஞாயிறு. வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த முழுப் பருவத்தைப் பலகைக்கும் ஆணிக்கும் பலி கொடுக்க அவர் சித்தமாக இல்லை.

ஆகவே அந்த உறுதிமொழிக்கு ஒரு வால் இருந்தது.

"படியைக் கட்டிடுறேன் நோரீன். ஆனா லைலாக் பூத்த அன்னைக்கு நான் ஆத்துக்குப் போயிடுவேன்."

லைலாக் என்பது வசந்தத்தில் ஊதாவாகப் பூக்கும் புதர்ச்செடி. அந்த ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். லைலாக் பூத்தால் வரிக்கொடுவா வந்துவிட்டது. லைலாக் வாடினால் அது போய்விட்டது. நாள்காட்டியை யாரும் பார்ப்பதில்லை.

"பூத்தா போயேன். யாரு வேண்டாம்னா? எப்ப திரும்பி வருவே?"

"பூ வாடினதும் வந்துடுவேன். அதுக்கப்புறம் அங்க எனக்கு என்ன வேலை?"

"யாரு வீட்டு லைலாக்?" நோரீன் காகிதமும் பேனாவும் எடுத்து எழுதத் தொடங்கினார்.

"நம்ம வீட்டு லைலாக்தான். அதை நல்லாத் தெளிவா எழுது. ரோசன்னா வீட்டுச் செடியைக் கணக்குல சேக்கக் கூடாது. அது வடக்குப் பக்கம் நிக்குது. ஊரே பூத்து முடிச்சப்புறம்தான் அது கண்ணைத் திறக்கும்."

"எழுதிட்டேன். 'எங்கள் வீட்டு லைலாக்.' அப்புறம், பூ வாடின பிறகு படி முடியுற வரைக்கும் நீ ஆத்துப் பக்கம் போகக் கூடாது. சரியா?"

"சரி. மீனைக் கழுவுறது வழக்கம்போல. பிடிக்கிறவங்க கழுவ மாட்டாங்க. அதையும் எழுது."

அந்த வீட்டின் மிகப் பழைய சட்டம் அது, இயற்றியவர் ஹார்லன். நோரீன் அம்மையார் அதையும் மறுசொல் இல்லாமல் எழுதினார். ஹார்லன் கையெழுத்திட்டார். காகிதம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஏறியது.

ஹார்லன் ஏன் அவ்வளவு விரைவாகக் கையெழுத்திட்டார் என்றால், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பெரிய விளக்குகள் இரண்டைத் தம்பியின் பண்ணையிலிருந்து பிப்ரவரியிலேயே வாங்கிவந்து, படகை மூடியிருந்த தார்ப்பாயின் அடியில் ஒளித்து வைத்திருந்தார். வீட்டு லைலாக், தெற்கு வெயில் விழும் சுவரோரம், படிகளை ஒட்டியே நின்றது. கொஞ்சம் சூடு காட்டினால் மூன்று வாரம் முன்னதாகவே பூக்காதா? மூன்று வாரம் என்றால் ஆற்றில் கூடுதலாக இருபத்தொரு நாள். கணக்கு மிக அழகாக இருந்தது. நோரீன் அம்மையார் மெயின் தெருப் பூக்கடையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஹார்லன் கேட்டதில்லை.

மறுநாளே செடிக்குக் கூடாரம் எழும்பியது. கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் விரிப்பு. உள்ளே இரண்டு விளக்குகள். இதற்கு என்ன காரணம் சொல்வது என்று அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதே நோரீன் வந்து நின்றார்.

"பனி விழும்னு சொன்னாங்க. செடி பாவம்" என்றார் ஹார்லன்.

"ஆமாமா. மேல ஒரு பழைய கம்பளி போடட்டுமா?"

"போடேன்."

"காலையில வெந்நீர் கலந்து வேருக்கு ஊத்துறேன். நல்லா இருக்கும்."

ஹார்லனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. இப்படி ஒரு வெள்ளை மனத்தை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் வருந்தினார். ஒரு கணம்தான்.

வேலிக்கு அப்பால் ரோசன்னா மொரெல்லி தம் தூண்டில்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கணவரை இழந்தவர், அந்தத் தெருவிலேயே அதிகம் மீன் பிடிப்பவர். இந்த உண்மையை ஹார்லன் எப்போதும் அதிர்ஷ்டம் என்றே குறிப்பிடுவார்.

"என்ன ஹார்லன், செடிக்குக் காய்ச்சலா?"

"அவசரப்படாதே. முதல்ல எங்க வீட்டுலதான் பூக்கப் போகுது."

"பூத்தா?"

"மீன் வரும்."

"கடல்ல கெடக்குற மீனுக்கு உங்க வீட்டுப் பூ பூத்தது எப்படித் தெரியும்? கடுதாசி போட்டிருக்கியா?"

"நாப்பது வருஷமாப் பாக்குறேன் ரோசன்னா. பூ பூத்து மீன் வராம இருந்ததே இல்ல."

"தண்ணி சூடானா மீன் வருது. நிலம் சூடானா பூ வருது. அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதில்லப்பா."

பொறாமை என்று ஹார்லன் முடிவு செய்தார்.

இதற்கிடையில் படிவேலையும் நடந்தது என்று சொல்ல வேண்டும். அவர் பழைய படிகளை முழுவதும் பிரித்தார். பிரிப்பதில் அவருக்கு எப்போதுமே ஆர்வம் அதிகம். வாசலில் நான்கடி உயரத்தில் கதவு மட்டும் அந்தரத்தில் நின்றது.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி, ஊரில் மற்ற லைலாக்குகள் பட்டாணி அளவு மொட்டோடு நிற்க, வான் ஆல்ஸ்டைன் வீட்டுச் செடி ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்கியது. ஹார்லன் மனைவியின் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டினார்.

"பூத்துடுச்சு" என்றார் நோரீன். "சொன்னா சொன்னதுதான். போயிட்டு வா. சூப்பை ஃபிளாஸ்க்குல ஊத்தி வெச்சிருக்கேன்."

"ஏற்கெனவே ஊத்தி வெச்சுட்டியா?"

"வாசனை வந்துச்சே."

போருக்குப் போகும் தளபதியைப்போல ஹார்லன் படகேறினார். ஆற்றில் வேறு படகே இல்லை. இதைக் கண்டு அவர் மகிழ்ந்தது அவருடைய குணத்துக்குப் பொருத்தமே. கடலின் ஏற்றவற்றம் அங்கேவரை ஆற்றில் எட்டும். ஏற்றம் வந்து தண்ணீர் வடக்கே ஓடியது. ஆறு மணி நேரம் கழித்து வற்றம் வந்து தெற்கே ஓடியது. தூண்டில் இரு பக்கமும் மாறிமாறிச் சாய்ந்ததே தவிர, யாரும் அதைத் தொடவில்லை. தூண்டிலில் கோக்க வேண்டிய ஹெர்ரிங் மீன்கூட இன்னும் ஆற்றுக்கு வராததால் மண்புழுவைக் கோத்திருந்தார். மூன்றாம் நாள் ஆலங்கட்டி விழுந்தது. ஐந்தாம் நாள் தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. அரைமணி நேரம் போராடி, யாரோ தொலைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கரையேற்றினார்.

மாலைதோறும் நோரீன் பக்கவாசலில் நின்று கேட்பார்.

"எத்தனை?"

"இன்னும் வரல. வந்துக்கிட்டே இருக்கு."

"எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"நியூயார்க் தாண்டியிருக்கும்."

"அப்ப மெதுவா வரட்டும். நீ மூக்கைச் சிந்து."

பத்தாம் நாள், நான்கு கெளுத்தி, ஒரு விலாங்கு, ஒரு நாற்காலி, கடுமையான ஜலதோஷம் ஆகியவற்றோடு ஹார்லன் வீடு திரும்பியபோது, நோரீன் அம்மையார் கையில் அந்தக் காகிதத்தோடு செடியருகே நின்றிருந்தார். ஊதா முழுவதும் பழுப்பாகியிருந்தது. தொட்டால் உதிர்ந்தது.

"வாடிடுச்சு ஹார்லன்."

"அது எப்படி? இன்னும் மே மாசமே பொறக்கலையே."

"சூடு காட்டிப் பூக்க வெச்ச லைலாக்கு எட்டு நாள், பத்து நாள்தான் நிக்கும். கடையில ஈஸ்டருக்கு நாங்க அப்படித்தான் பூக்க வெப்போம். வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் அடுத்த வாரம் சண்டைக்கு வருவாங்க."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ பனிக்காகத்தான மூடினே?"

ஹார்லன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நியாயமாப் பாரு நோரீன். ரோசன்னா வீட்டு லைலாக் இன்னும் மொட்டுகூட விடல."

"அதைக் கணக்குல சேக்கக் கூடாதுன்னு நீதான் எழுதச் சொன்னே. தெளிவா."

வழக்கில் தோற்றவர் தண்டனையைச் சுருக்கப் பார்ப்பது இயல்பு. படியை மூன்றே நாளில் முடித்துவிட்டு ஆற்றுக்கு ஓடிவிடலாம் என்று ஹார்லன் திட்டமிட்டார். அடித்தளத்துக்கு அன்றைக்கே காங்கிரீட் கொட்டினார். மறுநாள் காலை அதன்மேல் படிக்கான மரச்சட்டத்தை நிறுத்தப் போனவரை நோரீன் தடுத்தார்.

"ஏழு நாள்."

"மேல கெட்டியாத்தான் இருக்கு."

"நாப்பது வருஷம் சாப்பாட்டு மேசையில எனக்குப் பாடம் எடுத்திருக்கே. எங்க அண்ணன் கார்க்கொட்டகைக்குத் தளம் போட்டு நாலாம் நாள் வண்டியை ஏத்தினப்ப, கிறிஸ்துமஸ் விருந்துலேயே அவனைத் திட்டினே. காங்கிரீட்டுக்கு ஏழு நாள். சொன்னது யாரு?"

சொன்னது யார் என்பதில் ஐயம் இல்லை. ஹார்லன் ஏழு நாளும் காங்கிரீட்டுக்கு ஈரச் சாக்குப் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஏழு நாளில்தான் ஊரெல்லாம் லைலாக் பூத்தது. ஹெர்ரிங் வந்தது. அதன் பின்னாலேயே வரிக்கொடுவா வந்தது. படகுகள் சாரிசாரியாக ஆற்றில் இறங்கின. காற்றில் மிதந்து வந்த சிரிப்பொலியைக்கூட ஹார்லனால் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிந்தது.

எட்டாம் நாள் அவர் வெறியோடு பலகை அறுக்கத் தொடங்கினார். நோரீன் அருகே வந்தார். தலையில் ஹார்லனின் தொப்பி.

"ரோசன்னாவோட கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன். படகு சாவி எங்க?"

"எந்தப் படகு?"

"நம்ம படகு. ரோசன்னா படகுல மோட்டார் மக்கர் பண்ணுதாம்."

"என் படகை எப்படி...?"

"நீ போகக் கூடாதுன்னுதான் காகிதத்துல இருக்கு. படகு போகக் கூடாதுன்னு இல்லையே."

ஹார்லன் உள்ளே போய்க் காகிதத்தை இரண்டு முறை படித்தார். இல்லை.

"போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி" என்றார் நோரீன். "அந்தப் பலகையோட ஓரத்துல ரெண்டு கோடு வெட்டிக் குடேன். இந்த முனையிலிருந்து இருபத்து மூணு அங்குலத்துல ஒண்ணு, இருபத்தெட்டுல ஒண்ணு."

பேத்தியை நிறுத்தி உயரம் பார்க்கத்தான் கேட்கிறார் என்று எண்ணிய ஹார்லன், தாத்தாவுக்குரிய கனிவோடு இரண்டு கோடுகளையும் நேர்த்தியாக வெட்டினார். அந்த ஆற்றில் எந்த அளவு மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பது அவருக்கு உறக்கத்திலும் தெரியும். இருபத்து மூன்றுக்குக் குறையக் கூடாது, இருபத்தெட்டை மிஞ்சக் கூடாது. இருந்தும் அந்த நேரத்தில் அது அவர் நினைவுக்கு வரவில்லை. சிந்தனை முழுவதும் படகின்மேல் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு நோரீன் திரும்பினார். முழங்கைவரை செதில். இரு கைகளாலும் ஏந்தி வந்த வரிக்கொடுவாவை, ஹார்லன் இழைத்துக்கொண்டிருந்த பலகைமேல் கிடத்தி, மூக்கை முனையோடு ஒட்டி வைத்தார். வால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே வந்து நின்றது.

"இருபத்தேழரை" என்றார் நோரீன். "இதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு, நாப்பது இருக்கும். விட்டுட்டோம். ரோசன்னா அழுதுட்டா."

ஹார்லன் நாற்பது ஆண்டுகளில் நாற்பது அங்குலத்தைப் பார்த்ததில்லை. உடனே மீன்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பேரைப் பதியாம ஆத்துல தூண்டில் போடக் கூடாது. தெரியுமா உனக்கு?"

நோரீன் சட்டைப் பையிலிருந்து பதிவுச் சீட்டை எடுத்து நீட்டினார். ஹார்லன் தேதியைப் படித்தார். மார்ச் பதினைந்து.

"அன்னைக்குத்தான நாம ஒப்பந்தம் எழுதினோம்."

"நாம சாயங்காலம் எழுதினோம். நான் காலையிலேயே பதிஞ்சுட்டேன்."

"காலையில நான் வாயே திறக்கலையே."

"பிப்ரவரியில படகுத் தார்ப்பாயை உதறினேன். உள்ள கோழி விளக்கு ரெண்டு இருந்துச்சு. நம்மகிட்ட கோழி இல்லையே ஹார்லன்."

ஹார்லன் மீனைப் பார்த்தார், படியில்லாத வாசலைப் பார்த்தார், பழுப்பாகி நின்ற லைலாக்கைப் பார்த்தார். நோரீன் அம்மையார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வெட்டுக் கத்தியை எடுத்துக் கைப்பிடிப் பக்கமாக அவரிடம் நீட்டினார்.

"பிடிக்கிறவங்க கழுவ மாட்டாங்க."